செருப்புக் காலால் அளந்த பாதை

"அடுப்புப் போட வந்த பிள்ள ரோடு போடப் போகுதாக்கும்."

வடக்குக் கரிசல்பட்டி பஞ்சாயத்துத் தலைவர் சுப்பையா இதைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை. காளையின் கொம்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார், காளையிடம்தான் சொன்னார். நான் மூன்றடி தள்ளிக் குடையும் கையுமாக நின்றிருந்தேன். அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. "நான் எஸ்.எஸ்.எல்.சி.ங்க" என்றேன். காளை தலையை ஆட்டியது. அந்த ஒரு ஆமோதிப்பை நம்பித்தான் அந்த வேலையில் இறங்கினேன்.

ஒன்பது வருடம் கிராம சேவிகாவாக இருந்துவிட்டுப் போன மாதம் வேலையை விட்டேன். முப்பது வயதில் பழைய அனுபவம் எழுத உட்காருவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் புதிதாக வந்திருக்கும் இரண்டு சேவிகாக்கள் விடுவதாக இல்லை. பழுதுபார்க்கும் வேலைக்கு அரசாங்கப் பணம் கிடையாது என்று இப்போதும் அலுவலகத்தில் சொல்கிறார்களாம். "அப்புறம் அந்தப் பாதைக்கு மட்டும் எப்படிக்கா வாங்கினீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது வழிமுறை. என்னிடம் இருப்பதோ வரிசையாகச் செய்த தப்புகள். அதையே எழுதிக் கொடுக்கிறேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். விருதுநகருக்குக் கிழக்கே மானாவாரிக் கரிசலில் பருத்தியும் சோளமும் போடுகிற குடும்பம். அப்பா கைநாட்டு. என் சான்றிதழைத் துணியில் சுற்றி, தானியம் வைக்கும் குலுக்கைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். உறவுக்காரர்கள் வந்தால் எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக் காட்டுவார். நான் திருத்தியதே இல்லை. வந்தவர்களுக்கும் அது தெரியாது. இப்படி வளர்ந்தவளுக்குத் தலைக்கனம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பயிற்சி ஒரு வருடம். புகையில்லா அடுப்புப் போட, வீட்டுத் தோட்டம் வைக்க, பால் பவுடர் கரைக்க, மாதர் சங்கத்தில் பயப்படாமல் பேசச் சொல்லிக்கொடுத்தார்கள். பாதை போடுவதைப் பற்றியும் ஒரு வகுப்பு இருந்தது. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.

வடக்குக் கரிசல்பட்டியில் நான் போட்ட முதல் அடுப்பு சங்கரம்மா வீட்டில். சங்கரம்மா நாரணாபுரம் விலக்கில் இருந்த பட்டாசுக் கம்பெனிக்குப் போய் வருகிறவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான் வைத்த குழாய் அவள் சமையலறைப் புகையை ஒழுங்காக வெளியேற்றியது. வெளியேற்றிய இடம் அடுத்த வீட்டு மதினியின் படுக்கையறை. "புகையில்லா அடுப்புன்னு சொன்னீக, சரிதான் டீச்சர். எனக்கு இல்ல" என்றாள் சங்கரம்மா. அந்த ஊரில் எல்லோரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை.

இனிப் பாதைக்கு வருகிறேன்.

ஊரிலிருந்து கம்பெனிக்கு வண்டிப் பாதையாகப் போனால் சுற்று. குறுக்கே கரிசல் காட்டை வெட்டிக்கொண்டு ஒன்றரை மைல் நடைபாதை ஒன்று போகிறது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்தில், பாதிச் செலவு அரசாங்கம், பாதி மக்கள் பங்கு என்ற திட்டத்தில் அதற்குச் சல்லி பரப்பித் தார் ஊற்றியிருந்தார்கள். தூக்குச்சட்டியோடு இரண்டு பெண்கள் ஒட்டி நடக்கலாம், அவ்வளவுதான் அகலம். வண்டி போகக் கூடாது என்று இரண்டு முனையிலும் கல் நட்டிருந்தார்கள். கரிசல் சேற்றில் அச்சுவரை இறங்கிய வண்டிக்காரனுக்கு அந்தக் கல் ஒரு பொருட்டா? நான் வந்தபோது கல்லும் இல்லை, தாரும் பாதி இல்லை. உள்ளே இருந்த சல்லி உதிர்ந்து பொடியாகக் கிடந்தது.

ஆனி மாதம் ஒரு நாள் சங்கரம்மா ஒரு சேதி கொண்டுவந்தாள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற அறைக்குள் ஒரு பருக்கை மணல் போகக் கூடாது. மருந்தில் கல் உரசினால் போதும், ஆளும் அறையும் மிஞ்சாது. அதனால் எல்லோரும் வெறுங்காலோடு வந்து, வாசல் தொட்டியில் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். மற்ற ஊர்ப் பெண்களுக்கு ஒரு செம்புத் தண்ணீர் போதும். எங்கள் ஊர்ப் பெண்களின் கால்களில் மழைக்கு மறுநாள் கரிசல் மண் பசைபோல ஒட்டி, அதற்குள் அந்தச் சல்லிப் பொடி முந்திரிப் பருப்பு மாதிரிப் பதிந்து வரும். எவ்வளவு தேய்த்தாலும் விரல் இடுக்கில் ஒன்று நிற்கும். போர்மேன் ஒருநாள் ஒரு பெண்ணின் குதிகாலிலிருந்து ஒரு துணுக்கை நகத்தால் எடுத்து, எல்லோருக்கும் காட்டிவிட்டுச் சொல்லியிருக்கிறார்: புரட்டாசி மழை தொடங்குவதற்குள் அந்தப் பாதை சரியாக வேண்டும். இல்லையென்றால் வடக்குக் கரிசல்பட்டி ஆட்கள் வேண்டாம். விஸ்வநத்தம் பக்கத்திலிருந்து லாரி வைத்து ஆள் கொண்டுவந்து கொள்வோம்.

தீபாவளி சீசனில் வேலை போனால், கம்பெனிக்குப் பெண்களை அனுப்பும் எங்கள் ஊரின் அறுபது வீட்டுக்கும் அந்த வருடமே போன மாதிரி.

"நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். எப்படி என்று யோசிக்கும் முன்பே சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் நோட்டுப் புத்தகம், பென்சில், குடையோடு அந்தப் பாதை முழுவதும் நடந்து, பழுதான இடங்களைக் குறித்தேன். பதினொரு இடம் வந்தது. பெருமையோடு சங்கரம்மாவிடம் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என் காலைப் பார்த்தாள்.

"செருப்போட நடந்தீகளா?"

"ஆமாக்கா."

"செருப்புக் காலுக்குப் பதினொண்ணு. கழத்திட்டு நடந்து பாருங்க."

கழற்றினேன். அரை மைல் போவதற்குள் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பத்து வயதுவரை நானும் வெறுங்காலோடு கரிசலில் திரிந்தவள்தான். ஹைஸ்கூலில் வாங்கிக்கொடுத்த செருப்பு, பாதத்தோடு சேர்த்து ஞாபகத்தையும் மென்மையாக்கியிருந்தது. அன்றைக்குக் குறிப்பை மாற்றி எழுதினேன்: பழுதான இடம் ஒன்று. நீளம் ஒன்றரை மைல்.

பணம் யார் கொடுப்பது?

சுப்பையா, "கம்பெனிக்குப் போற பாதைய கம்பெனி போடட்டும்" என்றார். கம்பெனிக் கணக்குப்பிள்ளை, "ஊர்ப் பாதைய ஊர்தான போடணும்" என்றார். இருவருமே மரியாதையாகத்தான் சொன்னார்கள். இருவர் வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள். பஞ்சாயத்தின் சொந்தப் பணம் தெருவிளக்கு மண்ணெண்ணெய்க்கும் கிணற்றுச் சகடைக்கும் கயிற்றுக்கும் போக மிச்சமில்லை. எஞ்சியது பஞ்சாயத்து யூனியன்.

எங்கள் ஆணையரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். எந்தக் கோப்புக்கும் அவர் 'முடியாது' என்று எழுதி நான் பார்த்ததில்லை. 'சரி' என்று எழுதியும் பார்த்ததில்லை. பச்சை மையில் ஒரே வார்த்தை எழுதுவார்: பேசுக. கோப்பைத் தூக்கிக்கொண்டு பேசப் போனால், நாற்காலியைக் காட்டுவார். பேனா மூடியைத் திருகித் திறப்பார். ஏதாவது ஒரு கேள்வி கேட்பார். பதிலைக் கேட்டுக்கொண்டே மூடியைத் திருகி மூடுவார். மூடிவிட்டால் அன்றைக்குப் பேச்சு முடிந்தது. மறுநாள் வேறு கேள்வி. அவர் கேட்பதற்கும் கோப்புக்கும் சம்பந்தமே இருக்காது என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஓவர்சியர் மட்டும் அவரிடம் பேசப் போவதற்கு முன் இரண்டு தடவை தண்ணீர் குடிப்பார்.

என் மனுவில் நான்கு பக்கம் இருந்தது. பெண்களின் துயரம், நாட்டின் முன்னேற்றம், என் கையெழுத்தின் அழகு மூன்றும் அதில் வெளிப்படும்படி எழுதியிருந்தேன். பேசுக என்று வந்தது. போனேன். மூடி திறந்தது.

"பாதையில எதிரெதிரா ரெண்டு பேர் வந்தா என்ன பண்றாங்க?"

"ஓரமெல்லாம் உதிர்ந்து கிடக்கு. ஒருத்தர் கரிசல்ல இறங்கி நிக்கணும் சார்."

"அப்படியா" என்று மூடிவிட்டார்.

நான்கு பக்கத்தையும் படிக்கவே இல்லை என்று எனக்குக் கோபம். வெளியே வந்து அலுவலகக் குமாஸ்தாவிடம் பொருமினேன். அவர்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார். பழுதுபார்க்கப் பணம் இல்லை. ஆனால் பாதையை ஒரு அடி அகலப்படுத்தினால் அது அபிவிருத்தி வேலை. பாதிப் பணம் கிடைக்கும். அகலப்படுத்தும்போது பழைய தளத்தின் மேலும் சேர்த்துத் தார் போடாமல் வேறு எப்படிப் போடுவது? மனுவை ஒரு பக்கமாகச் சுருக்கி எழுதினேன். கையெழுத்தின் அழகு மட்டும் மிச்சம்.

அடுத்தது மக்கள் பங்கு. ரொக்கமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம். ரொக்கம் கேட்டால் அந்தப் பெண்கள் வந்த வழியே திரும்பிப் போவார்கள். உழைப்பு என்று எழுதினேன். வீட்டுக்கு ஒரு பெண், தார் போடும் நாட்களில் கூடவே நின்று மண் சுமக்கவும் சல்லி பரப்பவும் தயார் என்று உறுதிமொழி தயாரித்து, அறுபது கைநாட்டும் கையெழுத்துமாக வாங்கினேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே கைநாட்டு வைத்தார்கள். உற்சாகம் என்று நினைத்தேன்.

மறுபடியும் பேசுக. மூடி திறந்தது.

"இவங்க வேலைக்கு வர்றது வெயில் நாள்லயா, மழை நாள்லயா?"

பெரிய மனிதர்கள் வானிலை பேசுவது உண்டு என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். "இந்த வருஷம் மழை நல்லா இருக்கும்னு பேசிக்கிறாங்க சார்" என்று இதமாகச் சொன்னேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். மூடியை மிக மெதுவாகத் திருகி மூடினார். ஒரு வாரத்தில் அனுமதி வந்துவிட்டது.

உத்தரவை ஊர் மடத்தில் வாசித்தேன். தார் போடுகிற வாரத்தைச் சொன்னேன். பிறகு சங்கரம்மா எழுந்தாள்.

"டீச்சர், பட்டாசுக்கு என்ன வேணும்? வெயிலு. வெயிலடிச்சாத்தான் வெடி காயும். வெயிலடிக்கிற அன்னைக்கு நாங்க கம்பெனில இருப்போம். வராட்டி அன்னக் கூலியும் போச்சு, சீசன் வேலையும் போச்சு. மழ மூடாப்பு இருந்தா கம்பெனி லீவு; நாங்க சும்மாதான் இருப்போம். அன்னைக்குத் தார் ஒட்டுமா?"

"ஒட்டாது" என்றேன்.

"அப்போ வெயிலடிச்சா எங்களுக்கு வேல. மழ பெஞ்சா தாருக்கு லீவு. எந்த நாள்ல நாங்க ரெண்டு பேரும் சந்திக்கிறது?"

மடம் சிரித்து முடிக்க வெகுநேரமானது. கைநாட்டு வைக்கும்போதே அவர்களுக்குத் தெரியும். படித்த பிள்ளை ஏதோ வழி வைத்திருக்கும் என்று நினைத்தார்களாம். ஆணையர் கேட்டது வானிலை இல்லை என்பது எனக்கு அந்த மடத்தில் வைத்துத்தான் உறைத்தது.

உறுதிமொழியைத் திரும்பப் பெற்றால் அனுமதியும் போகும். புரட்டாசிக்கு இரண்டு மாதம் இருந்தது. ஊரே சிரித்த அவமானத்தில், மூடாப்பு நாளில் தார் தவிர வேறு என்னென்ன செய்யலாம் என்று அங்கேயே கேட்டேன். ஒரு பெண் வெங்காயத்துக்குக் களை எடுக்கலாம் என்றாள். அடுத்தவள் தீப்பெட்டி ஒட்டலாம் என்றாள். கடைசியில் ஒருத்தி, கல்குழி வேலைக்குப் போய்ப் பழகியவள், "சல்லி உடைக்கலாமே. தூறல் போட்டா கல்லு கரைஞ்சா போகும்?" என்றாள்.

அதைத்தான் எழுதினேன். மக்கள் பங்கு உழைப்பு என்பதைப் பொருள் என்று மாற்றினேன்: தேவையான சல்லி முழுவதையும் ஊரே உடைத்துக் குவித்துத் தரும். வெயில் நாளில் யூனியன் ஆட்கள் வந்து தார் போட்டுக்கொள்ளட்டும். இந்தத் தடவை கோப்பு பேசுக இல்லாமலே திரும்பியது. மூலையில் பச்சை மையில் ஒரு சின்னப் புள்ளி. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். மை சிந்தியதாகவும் இருக்கலாம்.

கல்குழி ஒரு மைல் தொலைவு. கல்லைக் கொண்டுவர வண்டி வேண்டும். சுப்பையாவிடம் இரண்டு வண்டி இருந்தது. கேட்டதற்கு, மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. கம்பெனி லீவு விடும் மூடாப்பு நாட்களில்தான் அவருடைய கிணற்றுத் தோட்டத்துக்குக் களையெடுக்க ஆள் கிடைக்கும். பாதை கெட்டுக் கம்பெனி வேலை நின்றால் எல்லா நாளும் கிடைக்கும். அவருக்கு ஏன் வண்டி கொடுக்கத் தோன்றும்?

சங்கரம்மா அவரிடம் வாதாடப் போகவில்லை. அடுத்த மூடாப்பு நாளில் அறுபது பெண்களும் தலைச்சுமையாகக் கல் தூக்கினார்கள். அதற்கடுத்த மூடாப்பு நாளிலும். சுப்பையாவின் வெங்காயத்தில் களை முட்டளவு வந்தது. மூன்றாம் முறை அவரே கல்குழிக்கு வந்தார்.

"இது எம்புட்டு நாளு நடக்கும்?"

"தலைல சுமந்தா ஆவணி முடியும் மாமா. வண்டி இருந்தா ஆடியோட முடிஞ்சிரும்" என்றாள் சங்கரம்மா.

மறுநாள் மாட்டுக்கு உடம்பு சரியாகிவிட்டது.

எல்லாம் நன்றாக நடக்கும்போதுதான் எனக்கு மேற்பார்வை செய்யும் ஆசை வரும். சல்லி அளப்பதற்கு ஒரு முறை உண்டு. அடியில்லாத மரப்பெட்டி ஒன்றைத் தரையில் வைத்துச் சல்லியை நிரப்பி, மேலே கட்டையால் இழுத்துச் சமப்படுத்தி, பெட்டியைத் தூக்கிவிட வேண்டும். ஒரு பெட்டி ஒரு குவியல். அளந்து முடித்த குவியல்மேல் சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளித்துவிட வேண்டும். வெள்ளை விழுந்தது கணக்கில் சேர்ந்தது, விழாதது சேராதது. ஓவர்சியர் இரண்டு முறை வந்து காட்டிக்கொடுத்துவிட்டு, "நீங்களே பண்ணி வைங்க, கடைசியில நான் வந்து பாக்கிறேன்" என்று அந்தப் பெட்டியையும் நோட்டையும் என்னிடமே விட்டுப் போனார். எனக்கு ஆகாயத்தில் நடப்பது போலிருந்தது. காலையில் அளப்பேன், தெளிப்பேன், எழுதுவேன். பாதை ஓரம் முழுவதும் வெள்ளைப் புள்ளி வைத்த குவியல்கள், கோலம் போட்ட மாதிரி.

இந்த வேலை முழுவதும் மூடாப்பு நாட்களில் நடந்தது என்பதை ஏற்கனவே சொன்னேன். மூடாப்பு நாளில் என்ன பெய்யும்? தூறல். தூறலில் சுண்ணாம்பு என்ன ஆகும்?

ஒவ்வொரு தூறலுக்குப் பிறகும் வெள்ளையில்லாத குவியல்களைப் பார்த்து, 'அடடா, எவ்வளவு வேகமாக உடைக்கிறார்கள்' என்று பூரித்து, அவற்றை மறுபடி அளந்து, மறுபடி தெளித்து, மறுபடி எழுதினேன். ஆடி முடியும் முன்பே மக்கள் பங்கு முழுவதும் நிறைவேறியது என்று அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பினேன். கல் வருவதையும் அன்றே நிறுத்தச் சொல்லிவிட்டேன். கல்குழியில் பழகியவள் மட்டும், "பத்தாது போலிருக்கே டீச்சர்" என்றாள். நோட்டைத் திறந்து காட்டினேன். நோட்டுக்கு எதிராக அவள் என்ன பேச முடியும்?

ஆணையரே சரிபார்க்க வந்தார். நல்ல வெயில் நாள், பெண்கள் கம்பெனியில். ஊரில் சுப்பையாவும் நானும் ஓவர்சியரும்தான். ஆணையர் ஷூவைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்தார். கால்சட்டையை இரண்டு மடிப்பு மடித்தார். முதல் குவியலின் அருகில் முழங்காலிட்டு, மேலிருந்த சல்லியைக் கையால் ஒதுக்கி, அடியிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். அதில் சுண்ணாம்பு வழிந்து காய்ந்த கோடு ஒன்று இருந்தது. மேலே ஒரு வெள்ளை, அடியில் இன்னொரு வெள்ளை. எழுந்து அடுத்த குவியலுக்குப் போனார். அதிலும் ஒரு கல். ஆறு குவியல் பார்த்தார். கடைசிக் கல்லை என் கையில் கொடுத்தார்.

நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புரிந்ததும் நோட்டை மூடினேன்.

"குறைவது எவ்வளவு?" என்றார்.

குவியல்களை எண்ணினோம். மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

ஓவர்சியர் வானத்தைப் பார்த்தார். மழைமேல் பழி போடலாம், ஓவர்சியர்மேல் போடலாம், கல் திருட்டுப் போனது என்றும் சொல்லலாம். சுப்பையா அதைத்தான் எதிர்பார்த்து நின்றார் என்று நினைக்கிறேன். நான் நல்லவள் என்பதால் உண்மையைச் சொல்லவில்லை; வேறு எதுவும் வாயில் வரவில்லை. "நான்தான் சார் ரெண்டு தடவை எண்ணிட்டேன். அவங்க உடைச்சதுல தப்பில்ல" என்றேன்.

அவர் ஷூ போட்டுக்கொண்டார். "தார் பீப்பாய் விருதுநகர் ஸ்டேஷனுக்கு வந்தாச்சு. பத்து நாள் வச்சிருப்பேன். அதுக்கப்புறம் வேற வேலைக்கு அனுப்பணும்" என்றார். நோட்டில் நான் எழுதிய தொகையை அடித்துச் சரியானதை எழுதி, பக்கத்தில் என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார். என் கையெழுத்து அவ்வளவு அசிங்கமாக இருந்து நான் பார்த்ததில்லை.

பத்து நாளும் வெயில் என்று வானம் சொன்னது. வெயில் என்றால் கம்பெனி. அன்று சாயங்காலம் பெண்கள் திரும்பி வரும்போது பாதையின் நடுவில் நின்றேன். சொல்வதற்கு நிறைய வாக்கியம் தயாரித்திருந்தேன். கல்லைத்தான் நீட்டினேன். சங்கரம்மா வாங்கிப் பார்த்தாள். பின்னால் நின்றவர்களுக்குக் கொடுத்தாள். கல் அறுபது கை மாறி என்னிடமே திரும்பி வந்தது.

"எங்க கை பொய் சொல்லல டீச்சர்" என்றாள் அவள். அவ்வளவுதான். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

காலையில் கல் உடைத்துவிட்டுக் கம்பெனிக்குப் போக முடியாது. கையிலும் சேலையிலும் கல்தூசி இருந்தால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். அதனால் சாயங்காலம் வேலை விட்டு வந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் அப்படியே உட்கார்ந்தார்கள். பகலில் சுப்பையாவின் வண்டி கொண்டுவந்து கொட்டிய கல்லை விளக்கு வைக்கும் நேரம்வரை உடைத்தார்கள். நாள் முழுவதும் திரி வைத்த விரல்கள். நான் பகல் முழுவதும் தனியாக உடைத்தேன். அவர்கள் ஒரு மணி நேரத்தில் உடைப்பதில் பாதி வந்தது. இரண்டாம் நாள் கட்டைவிரல் நகம் கறுத்தது. நான்காம் நாள் இன்னொரு கட்டைவிரல்.

ஐந்தாம் நாள் அப்பா என்னைப் பார்க்க வந்தார். குலுக்கைக்குள் சான்றிதழ் வைத்திருக்கிற மனிதர், மகள் பாதை ஓரத்தில் சாக்கில் உட்கார்ந்து கல் உடைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்லி அழுவார் என்று பயந்தேன். "பிடியக் கடைசில பிடி தாயி. கழுத்துல பிடிச்சா கையத்தான் அடிப்ப" என்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். சாயங்காலம் சங்கரம்மா அவர் குவியலையும் என் குவியலையும் பார்த்துவிட்டு, "அய்யாவுக்கு உத்தியோகம் கொடுத்திருக்கலாம்" என்றாள்.

ஒன்பதாம் நாள் பாக்கிச் சல்லி முழுவதும் உடைத்து முடிந்தது. சுண்ணாம்பு தெளிக்கும் வேலையைக் கல்குழியில் பழகியவளிடம் கொடுத்துவிட்டேன்.

ஆவணிக் கடைசியில் தார் போட்டார்கள். சுப்பையா தன் வண்டிகள் அதில் ஏறாமல் தடுக்க இரண்டு முனையிலும் கல் நடச் சொன்னார். தன் வண்டிக்காரன்மேல் அவருக்கே நம்பிக்கையில்லை.

இத்தோடு நிறுத்தினால் கௌரவமாக இருக்கும். ஆனால் புது சேவிகாக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். முதல் நாள் புதுப் பாதையில் நடந்துபோன பெண்களின் உள்ளங்காலெல்லாம் தார். புதுத் தார் அந்த வெயிலில் இளகி, இறுகாமல் இருந்தது. யோசனை கேட்டு என்னிடம் வந்தார்கள். நான் தயங்கவே இல்லை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் போய்விடும் என்று படித்தவள் சொன்னேன். மறுநாள் காலை அறுபது பேரும் கம்பெனி வாசலில் வரிசையில் நின்றார்கள். கால் பளபளவென்று இருந்தது. போர்மேன் முதல் ஆளின் அருகில் குனிந்தார். மூக்கைச் சுளித்தார். இரண்டடி பின்னால் போனார்.

"பட்டாசுக் கம்பெனிக்கு மண்ணெண்ணெய் பூசிட்டு வந்திருக்கீகளே, எந்தப் புண்ணியவான் சொன்னான்?"

அறுபது பேருக்கும் அன்றைக்கு லீவு. அந்த ஒரு நாள் கூலி என்னால் போனது. அதை இன்றுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஊர்ப் பாட்டில் மட்டும் சேர்த்துவிட்டார்கள், களையெடுக்கும்போது பாடுகிறார்கள். பாதியில் என் பெயர் வரும். விளக்கெண்ணெய் போட்டுத் துடைக்கலாம் என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயமாம். டீச்சர் சொன்ன பிறகு எதிர்த்துப் பேச வேண்டாமே என்று இருந்துவிட்டார்கள்.

புரட்டாசியில் மழை பிடித்தது. முதல் மழை நின்று கம்பெனி திறந்த காலையில் நானும் வாசல்வரை கூடப் போனேன். தொட்டியில் ஒவ்வொருத்தியும் ஒரு செம்பு ஊற்றினாள். போர்மேன் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அறுபது முறை குனிந்தார். யாரையும் திருப்பவில்லை. லாரி விஸ்வநத்தத்துக்குப் போகவில்லை.

அது ஆறு வருடத்துக்கு முந்திய கதை. பாதை இப்போது மறுபடி ஓரங்களில் உதிர்கிறது. மறுபடியும் பழுதுக்குப் பணமில்லை; இன்னும் அகலப்படுத்தலாம் என்றால் இருபுறமும் அடுத்தவர் புஞ்சைதான் இருக்கிறது. வருடா வருடம் கொஞ்சம் தார், கொஞ்சம் சல்லி என்று பஞ்சாயத்தே ஒதுக்கினால் இந்தக் கூத்து எதுவும் வேண்டாம். அதைப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். அரசாங்கச் சம்பளம் வாங்குகிற சேவிகா அந்தக் கூட்டத்தில் ஓரமாக உட்காரலாம்; ஓட்டுப் போட முடியாது.

அதற்காகத்தான் வேலையை விட்டேன். நேற்றைக்கு வடக்குக் கரிசல்பட்டி மூன்றாம் வார்டு மெம்பர் பதவிக்கு மனு கொடுத்தேன். முன்மொழிந்தது சங்கரம்மா. போன வருடம் முதியோர் கல்வி வகுப்பில் கற்றுக்கொண்ட கையெழுத்தை, மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் காத்திருக்க, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். மனுவை வாங்கும்போது சுப்பையாவும் அங்கே இருந்தார். இந்தத் தடவை காளை இல்லாததால் நேராக என்னிடமே கேட்டார். "ரோடு போட்டாச்சு. இனி என்ன போடப் போறீக?"

எஸ்.எஸ்.எல்.சி. என்று நான் சொல்லவில்லை. "அதே ரோடுதாங்க" என்றேன்.

ஊருக்குத் திரும்பும்போது அந்தப் பாதையில்தான் வந்தேன், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. மூன்று இடத்தில் குத்தியது. குறித்துக்கொண்டேன்.